வஜ்ரகரூர் வயலில் வைரம் கிடைக்கிறது; சுரங்கம் ஏன் இல்லை?

கேள்வி இது: ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரில் ஜூன் மாத முதல் மழை விழுந்ததும் ஊரே வயலில் இறங்கி வைரம் தேடுகிறது, சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. வைரத்தின் தாய்ப்பாறையான கிம்பர்லைட்டும் அங்கேயே இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் பெரிய சுரங்கம் ஏன் வரவில்லை? இந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் முன்னதற்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

'தாய்ப்பாறை' என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கிம்பர்லைட் வைரத்தைப் பெற்ற தாய் இல்லை, ஏற்றிக்கொண்டு வந்த வாடகை வண்டி. வைரம் உண்டாவது தரைக்கு 150 கிலோமீட்டருக்கும் கீழே, 900 முதல் 1300 டிகிரி வெப்பத்தில், நம் மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தத்தில். பெரும்பாலான வைரங்களின் வயது நூறு கோடி ஆண்டுக்கு மேல். முந்நூறு கோடியைத் தாண்டியவையும் உண்டு. ஆனால் அவற்றைத் தூக்கி வந்த கிம்பர்லைட், தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முந்தையது, கனடாவின் லாக் தெ க்ரா ஏரிப் பகுதியில் வெறும் ஐந்தரைக் கோடி ஆண்டை ஒட்டியது. பயணி கிழவர், வண்டி புதுசு.

அந்த வண்டியின் வேகம்தான் முக்கியம். ஆழத்தில் உருகிய குழம்பு, கரியமில வாயுவும் நீராவியும் நிறைந்து, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மேலே வந்து வெடிக்கிறது. மெதுவாக வந்தால் வழியிலேயே வைரம் கிராஃபைட்டாக மாறிவிடும். இது வெறும் ஊகம் இல்லை. மொராக்கோவில் பெனி பூசெரா என்ற இடத்தில் ஆழத்துப் பாறை நிதானமாக மேலே வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே வைரத்தின் எட்டு முக வடிவம் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. உள்ளே முழுக்கப் பென்சில் கரி. பார்க்கும்போது கொஞ்சம் வயிறு எரியும்.

வெடித்த இடத்தில் மிச்சமாக நிற்பதைத்தான் குழாய் என்கிறோம். கேரட்டைத் தலைகீழாக இல்லாமல், மண்ணில் அது வளர்கிற மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகி, கடைசியில் மெல்லிய விரிசல்களில் முடியும். மேல்பரப்பில் பெரும்பாலும் சில ஹெக்டேர்தான், அதாவது ஒரு நடுத்தரக் கண்மாயை விடச் சின்னது. போட்ஸ்வானாவின் ஒராபா 118 ஹெக்டேர், அது ராட்சசன். கிம்பர்லைட் வெடித்ததை மனிதர் யாரும் பார்த்து எழுதி வைத்ததில்லை. இருப்பதிலேயே இளையது என்று சொல்லப்படும் தான்சானியாவின் இக்விசி குன்றுகளே பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை.

பாறையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், உள்ளே வேறு வேறு பாறைத் துண்டுகள் பழக் கேக்கில் திராட்சை போலச் சிக்கியிருக்கும். வெயிலும் மழையும் பட்டால் கொஞ்ச நாளில் உதிர்ந்து களிமண்ணாகிவிடும். கிம்பர்லியில் 1871இல் தோண்ட ஆரம்பித்தவர்கள் மேலே இருந்த மக்கிய பகுதியை 'மஞ்சள் மண்' என்றார்கள். அது தீர்ந்து அடியில் கெட்டியான 'நீல மண்' வந்ததும், வைரம் முடிந்தது என்று நினைத்து இடத்தை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. உண்மையில் அந்த நீல மண்தான் மக்காத கிம்பர்லைட். அங்கே 1914 வரை சுமார் 2.25 கோடி டன் தோண்டி எடுத்து, கிடைத்த வைரம் ஏறத்தாழ 2,700 கிலோ. ஒரு பங்கு வைரத்துக்கு எண்பது லட்சம் பங்கு கல்லும் மண்ணும். அதுவும் உலகத்தின் நல்ல குழாய்களில் ஒன்றில்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு விஷயம் விளங்கிவிடும். வைரத்தைத் தேடிப் போனால் வைரம் கிடைக்காது, அது அவ்வளவு அரிது. தேட வேண்டியது அதனுடன் அதே வண்டியில் வந்த கூட்டத்தை.

அதற்கு முன்னால், எந்த நாட்டில் எந்தப் பக்கம் தேடுவது? 'வைரம் பாய்ந்த மரம்' என்று நாம் சொல்வதுண்டு. வெளிப்பட்டை புதுசு, நடுவே பழசாகி இறுகிய கட்டை. கண்டங்களும் அப்படித்தான். நடுவில் 250 கோடி ஆண்டுக்கு மேல் ஆடாமல் அசையாமல் கிடக்கும் பழைய கட்டை ஒன்று இருக்கும். அதைக் கிராட்டன் என்பார்கள். அதன் அடிவேர் தடித்து, குளிர்ந்து, ஆழத்தில் இறங்கியிருப்பதால் அங்கேதான் வைரம் உருகாமல், மாறாமல் தங்கும். வைரம் தரும் கிம்பர்லைட் இந்தக் கட்டைகளில்தான் இருக்கும் என்று கிளிஃபர்ட் என்பவர் 1966இல் ஒரு விதியாகவே சொன்னார். தெற்கே நமக்கு அருகில் இருப்பது தார்வார் கிராட்டன், வஜ்ரகரூர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அப்படி இல்லை. பின்னால் சூடேறிப் பிசையப்பட்டு, ஆழத்திலிருந்து உயர்ந்து வந்த பாறை. காங்கேயம் பக்கம் கிடைக்கும் நீலப்பச்சைக் கற்கள் வேறு ஜாதி, அவற்றை வைத்து வைரக் கனவு காண வேண்டாம்.

விதிக்கு விலக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1979இல் கண்டுபிடித்த ஆர்கைல் சுரங்கம் கிராட்டனின் விளிம்புக்கு வெளியே இருந்தது, பாறையும் லாம்ப்ரோயிட் என்ற ஒன்றுவிட்ட தங்கச்சி. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிரதேசத்தின் பெயரும் கிம்பர்லி.

சரி, கூட்டாளிகளுக்கு வருவோம். பைரோப் கார்னெட் என்கிற ஒயின் சிவப்புக் கல், மரகதம் போல் பச்சையான குரோம் டையாப்சைடு, மினுக்கும் கறுப்பில் இல்மனைட், குரோமைட். இவை ஒரு குழாயில் வைரத்தைப் போல லட்சக்கணக்கான மடங்கு அதிகமாக இருக்கும். எல்லாமே கனமானவை. அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிற மாதிரி, ஆற்று மணலைத் தட்டில் போட்டு நீரில் சுழற்றினால் இவை அடியில் நிற்கும். ஆற்றின் மேல்நோக்கிப் போய்க்கொண்டே அரித்துப் பார்க்க வேண்டும். கல் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றால், தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

கல்லின் முகத்திலேயே தூரம் எழுதியிருக்கும். குழாயை விட்டு வெளியே வரும்போது கார்னெட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறத் தோல் ஒட்டியிருக்கும். ஆற்றில் கொஞ்ச தூரம் உருண்டாலே அது உரிந்துவிடும். அதன் அடியில் ஆரஞ்சுத் தோல் போலப் பொத்தல் பொத்தலான பரப்பு தெரியும். இன்னும் உருண்டால் அதுவும் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். தோலோடு ஒரு மணி கிடைத்தால் தேடுகிறவர் அன்றைக்குத் தூங்க மாட்டார், குழாய் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பச்சை டையாப்சைடு இன்னும் சீக்கிரம் நொறுங்கும் என்பதால் அது கிடைப்பதும் பக்கத்தில் வந்துவிட்டதற்கு நல்ல சகுனம்.

இந்த வழியில் நடந்து ஜெயித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் லரீசா பொபுகாயெவா. லெனின்கிராட்டில் அவருடைய சகாவான நத்தாலியா சர்சாத்ஸ்கிக்தான் பைரோப்பைப் பின்தொடரலாம் என்பதை முன்வைத்து வேலை செய்தவர். 1954இல் கைக்குழந்தையோடு இருந்ததால் அவரால் களத்துக்குப் போக முடியவில்லை. பொபுகாயெவா ஓர் உதவியாளருடன் சைபீரியாவின் தல்தின் ஆற்றுப் பகுதிக்குப் போனார். சிவப்பு மணிகள் போன வழியே கொசுக்கடிக்கு நடுவில் சரிவில் பாசியைக் கிளறிக்கொண்டே ஏறி, அந்த ஆகஸ்டில் 'சர்னீத்சா' குழாயைக் கண்டார். சோவியத் நாட்டின் முதல் கிம்பர்லைட் குழாய் அது. 1957இல் வைரக் கண்டுபிடிப்புக்காகக் கொடுத்த லெனின் பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, வேறு ஒரு விருதோடு சமாதானம் செய்துவிட்டார்கள். சர்னீத்சா கிடைத்த அடுத்த ஆண்டே, 1955இல், கபார்தின் என்ற புவியியலாளரின் குழு மீர் குழாயைக் கண்டது; மீர் என்றால் ரஷ்ய மொழியில் சமாதானம். நரி வளை தோண்டித் தள்ளிய நீல மண்ணைப் பார்த்துப் பிடித்தார்கள் என்பார்கள். தலைமையகத்துக்கு ரகசியமாக அனுப்பிய தந்தி: 'சமாதானக் குழாயைப் பற்றவைத்துவிட்டோம், புகையிலை அருமை.'

ஆறு இருந்தால் இந்த வழி சரி. ஆறே இல்லாத பாலைவனத்தில்?

போட்ஸ்வானாவில் 1955இல் மொட்லௌட்சே ஆற்றுமணலில் மூன்று சின்ன வைரங்கள் கிடைத்தன. ஆற்றின் தலைமாடு வரை தேடியும் குழாய் இல்லை. டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனியின் குழுவைச் சேர்ந்த கேவின் லமாண்ட் வேறு மாதிரி யோசித்தார். நிலம் ஒரு காலத்தில் மேடாக எழும்பி ஆற்றின் தலையையே வெட்டிவிட்டிருக்க வேண்டும், பழைய ஆறு இன்னும் மேற்கிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மேட்டைத் தாண்டிக் கலஹாரி பக்கம் போனார். 1967இல் ஒராபா கிடைத்தது, நாடு சுதந்திரம் வாங்கி ஓர் ஆண்டு கூட ஆகவில்லை. பிறகு 1970களின் தொடக்கத்தில் ஜ்வானெங். அங்கே குழாயின் மேல் 40 மீட்டருக்கும் மேல் மணல். மணலுக்கு மேலே கார்னெட்டும் இல்மனைட்டும் எப்படி வந்தன என்றால், கறையான். ஈரம் தேடி ஆழமாகத் துளைத்துப் போகும் கறையான்கள் அடியிலிருந்து பொடிமணிகளைச் சுமந்து வந்து புற்று கட்டியிருந்தன. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம், இங்கே வைரக் கம்பெனி குடிபுகுந்தது. 1982இல் தொடங்கிய ஜ்வானெங், வைரத்தின் மதிப்பை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பணக்காரச் சுரங்கம் என்று இன்றும் பேர்.

கனடாவில் மணலுக்குப் பதில் பனி. பனியாறுகள் குழாயின் தலையைச் சுரண்டி மணிகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய்க் கொட்டியிருந்தன. சக் ஃபிப்கியும் ஸ்டுவர்ட் புளூசனும் 1980களில் மெக்கன்சி ஆற்றுப் பக்கத்திலிருந்து கிளம்பி, பனி நகர்ந்த திசைக்கு எதிராகக் கிழக்கே, மாதிரி எடுத்துக்கொண்டே நடந்தார்கள், பறந்தார்கள், காசில்லாமல் திண்டாடினார்கள். சுற்றிலும் கடினமான கிரானைட் வகைப் பாறை. நடுவில் மெத்தென்ற கிம்பர்லைட்டைப் பனி தோண்டிவிட்டிருந்ததால் பல குழாய்கள் ஏரிகளுக்கு அடியில் ஒளிந்திருந்தன. 1991இல் பாயின்ட் லேக் என்ற சின்ன ஏரியின் கரையிலிருந்து சாய்வாகத் துளை போட்டார்கள். வெளியே வந்த 59 கிலோ பாறையில் 81 பொடி வைரங்கள். அதற்குப் பிறகு அந்தப் பனிவெளியில் நடந்த நிலப்பிடிப்புப் போட்டியைப் போலக் கனடா அதுவரை பார்த்ததில்லை. 1994இல் அதே லாக் தெ க்ரா ஏரியில், வசந்தத்தில் பனி உருகத் தொடங்கிவிட்ட நிலையில் ஈரா தாமஸ் என்ற இளம் புவியியலாளரின் குழு அவசர அவசரமாகத் துளையிட்டது. எடுத்த பாறைத் தண்டு உடைந்தபோது உடைந்த முகத்தில் ஏறத்தாழ இரண்டு காரட் வைரம் ஒன்று வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதுதான் பிறகு ஏரிக்குள் அணை கட்டித் தோண்டிய டையவிக் சுரங்கம்.

விமானத்தில் காந்தமானியைக் கட்டிக்கொண்டு பறப்பது, புவியீர்ப்பு அளப்பது எல்லாம் உண்டு. வரைபடத்தில் குழாய் வட்டமான பொட்டு மாதிரித் தெரியும். ஆனால் வட்டமாகத் தெரிவதெல்லாம் குழாய் இல்லை. எந்தப் பொட்டைத் துளைப்பது என்று கடைசியில் சொல்வது கார்னெட்தான்.

அதிலும் எல்லாக் கார்னெட்டும் சொல்லாது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்னி ஆயிரக்கணக்கான மணிகளைச் சோதித்து ஒன்றைக் காட்டினார்: குரோமியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள கார்னெட் இருந்தால், அந்த வண்டி வைரம் இருக்கும் ஆழத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. 'ஜி10' என்று அதற்குப் பட்டப்பெயர். சைபீரியப் பக்கம் சோபொலெவ் என்ற ஆய்வாளரும் இதே முடிவுக்கு வந்திருந்தார். கால்சியம் கூடினால், வண்டி வந்திருக்கிறது, பயணி ஏறியிருப்பார் என்பதற்குச் சாட்சி இல்லை. ஃபிப்கி கையில் இருந்த துருப்புச்சீட்டு இந்த ஜி10தான்.

இத்தனை பாடுபட்டுக் குழாயைப் பிடித்தாலும் சுரங்கம் கிடைத்ததாக ஆகாது. உங்கள் முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உலகத்தில் தெரிந்த கிம்பர்லைட்கள் ஏறத்தாழ ஏழாயிரம். வைரம் இருப்பது ஆயிரம் அளவில். தோண்டினால் கட்டுப்படியாகும் என்று தோண்டியவை அறுபதை ஒட்டித்தான். சர்னீத்சாவையே உடனே தோண்டவில்லை. பாயின்ட் லேக்கில் வைரத்தைக் கண்டுபிடித்தார்களே, 1998இல் எகாட்டி சுரங்கம் தொடங்கியபோது முதலில் தோண்டியது அதை இல்லை, பாண்டா என்ற வேறு குழாயை.

மதிப்பிடுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. முதலில் சில நூறு கிலோ பாறையைக் காஸ்டிக் சோடாவில் உருக்கிக் கரைத்துவிடுவார்கள், வைரம் மட்டும் மிஞ்சும். மணல் அளவுப் பொடிகள்தான். அந்தப் பொடிகளின் அளவுப் பரவலை வைத்துப் பெரிய கற்கள் எத்தனை இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகம் நம்பிக்கை கொடுத்தால் நூற்றுக்கணக்கான, பிறகு ஆயிரக்கணக்கான டன் தோண்டி, சில ஆயிரம் காரட் சேர்த்து, அதை வியாபாரிகளிடம் காட்டி விலை கேட்க வேண்டும். ஏனென்றால் டன்னுக்கு எத்தனை காரட் என்பது பாதிக் கணக்கு, காரட் என்ன விலை போகும் என்பது மீதி. லெசோத்தோவின் லெட்செங்கில் நூறு டன்னுக்கு இரண்டு காரட் கூடத் தேறாது. ஆனாலும் ஓடுகிறது, காரணம் 2006இல் கிடைத்த 603 காரட் மாதிரியான கற்கள். 2020இல் மூடப்பட்ட ஆர்கைலில் நேர்மாறு: குவியல் குவியலாக வந்தது, பெரும்பாலும் மலிவான பழுப்புக் கல்.

கணக்கு தப்பவும் செய்யும். ஒராபாவுக்குப் பக்கத்தில் ஏகே6 என்ற குழாயை 1969இலேயே கண்டுபிடித்துவிட்டு, சின்னது, வைரமும் குறைவு என்று ஓரம் கட்டினார்கள். பெரிய கற்கள் அபூர்வமாகத்தான் வரும், சின்ன மாதிரியில் அவை சிக்குவதில்லை. பிற்பாடு லுக்காரா என்ற கம்பெனி அதை வாங்கியது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர், ஏரிப் பனியின் மேல் நின்றிருந்த அதே ஈரா தாமஸ். கரோவே என்று பெயர் வைத்து 2012இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 2015இல் 1,109 காரட் கல் வந்தது. அதிலிருந்து உடைந்த 374 காரட் துண்டு ஒன்றும் தனியாகக் கிடைத்தது. 2024இல் 2,492 காரட். பாறையை நொறுக்குவதற்கு முன்பே எக்ஸ்-ரே வைத்துப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் இயந்திரம் அதையும் ஜல்லியாக்கியிருக்கும்.

இப்போது வஜ்ரகரூர். அங்கே குழாய்கள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. வயது சுமார் 110 கோடி ஆண்டு. சிலவற்றில் வைரம் உண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் என்எம்டிசி என்ற அரசுச் சுரங்க நிறுவனமும் தோண்டிப் பார்த்திருக்கின்றன. சுரங்கம் போடும் அளவுக்குத் தேறவில்லை. அதே கிராட்டனில் வடக்கே நாராயணப்பேட்டைப் பக்கத்துக் குழாய்களில் வைரம் இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் வயலில் கிடைப்பது? கேரட் உவமையை நினைத்துப் பாருங்கள். 110 கோடி ஆண்டு மழையும் வெயிலும் அந்தக் கேரட்டின் அகலமான மேல்பகுதியைச் சீவித் தின்றுவிட்டன, நமக்கு மிச்சம் வால்பகுதி. சீவிய பகுதியில் இருந்த வைரமெல்லாம் பரல் கல்லோடு பரலாக நிலத்தில் சிதறி, பாதி ஆறுகளில் போய்விட்டது. மண் கரைந்து போகும், வைரம் போகாது. ஆக வயலில் கிடக்கும் அந்தப் பரல், இயற்கையே கோடிக்கணக்கான ஆண்டு அரித்து வைத்த சாமான். வயலில் ஒருவருக்கு ஒரு கல் கிடைத்தது என்பதை வைத்துக் கீழே புதையல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கொல்லூர் போன்ற கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களும் இப்படிப்பட்ட பரல் படிவுகள்தான். கோல்கொண்டா விற்ற சந்தை, விளைந்த இடம் இல்லை. அந்தக் கற்களின் குழாய் எது என்பதில் இன்னும் அடிதடிதான்.

இந்தியாவில் குழாயிலேயே நேராகத் தோண்டுவது என்றால் மத்தியப் பிரதேசத்தில் பன்னாவுக்கு அருகே மஜ்காவன். நூறு டன்னுக்குப் பத்துக் காரட் அளவில் வரும். அது கிம்பர்லைட்டா லாம்ப்ரோயிட்டா என்று ஒரு சண்டை, வைரத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சத்தர்பூர் மாவட்டத்தில் ரியோ டின்டோ 2004இல் கண்டுபிடித்த பந்தர் குழாய்கள் இன்னும் வளமானவை, ஆனால் மேலே காடு. கம்பெனி 2017இல் கை கழுவிவிட்டுப் போனது.

வயலில் இறங்கும் ஆசை இருந்தால் ஒரு குறிப்பு. அந்தப் பக்கம் எல்லோரும் மழைக்கு மறுநாள் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது: மேல்மண் கழுவப்பட்டுப் பரல் வெளியே நிற்கும், சாய்ந்த வெயிலில் பளிச்சிடும். பளிச்சிடுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெறும் பளிங்குக்கல். பட்டை தீட்டாத வைரம் கண்ணாடி மாதிரி இருக்காது, எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும். வைரம் தண்ணீரை ஒட்டவிடாது, கொழுப்பில் ஒட்டும். கிம்பர்லியில் 1890களிலேயே கிரீஸ் தடவிய மேசையில் நசுக்கிய பாறையை நீரோடு ஓடவிட்டு, வைரத்தை மட்டும் பிடித்தார்கள். ஆனால் இதை நம்பி வீட்டு வாஸ்லினோடு கிளம்பிவிடாதீர்கள். வெகுகாலம் மண்ணிலும் ஆற்றிலும் கிடந்த வைரத்தின் மேல் உப்புப் படலம் ஏறியிருந்தால் அது கிரீஸிலும் ஒட்டாது, பளிங்குக்கல்லைப் போலவே வழுக்கிக்கொண்டு போய்விடும்.